எந்தக் காமிரா வாங்கலாம்?

தூரத்துப் பறவைக்கு ஒன்று. வீட்டு விளக்கொளிக்கு ஒன்று!

புதுவைக் கடற்கரை. மாலை நேரம்.

எட்டுக் கல் தூண்களுக்கு நடுவே காந்தி சிலை. சிலையைச் சுற்றிலும் கூட்டம். சற்றுத் தள்ளி, 1836-ம் ஆண்டில் முதன்முதலாக விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம்.

அங்கே ஒரு குடும்பம் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, மகன், மகள், பாட்டி. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. அதில் ஒரு காமிரா வாங்க வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும்.

"அப்பா, ஊசுட்டேரிப் பறவைகளைக் கிட்டத்தில் பார்ப்பதுபோல் படம் எடுக்க வேண்டும். சூப்பர் ஜூம் காமிரா வாங்குங்கள்" என்கிறான் மகன்.

"அடுத்த மாதம் பாட்டிக்கு 80 வயது நிறைகிறது. ராத்திரி விளக்கேற்றி எல்லோரும் கூடப்போகிறோம். பாட்டி முகம் தெளிவாக விழவேண்டாமா? மிரர்லெஸ் காமிராதான் வேண்டும்" என்கிறாள் மகள்.

அப்பா யாருக்குத் தலையாட்டுவது?

இந்த வழக்கு பல வீடுகளில் நடப்பதுதான். இதைத் தீர்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு காமிராவும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் போதும்.

பெயரைக் கண்டு மயங்காதீர்கள்

மிரர்லெஸ் என்றால் "கண்ணாடி இல்லாதது" என்று பொருள். லென்சு இல்லாத காமிரா என்று எண்ணிவிட வேண்டாம்! இங்கே கண்ணாடி என்பது முகம் பார்க்கும் கண்ணாடியைக் குறிக்கும்.

கலியாண வீடுகளில் படம் எடுப்பவர்கள் பெரிய காமிரா வைத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு சிறு கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்சு வழியாக வரும் காட்சியை, படம் எடுப்பவரின் கண்ணுக்கு அது திருப்பிவிடும். பொத்தானை அழுத்தினால் "டபக்" என்று மேலே எழும்பும்.

அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டால் காமிரா சிறுத்துவிடும், எடையும் குறையும். 2008-ம் ஆண்டு பானாசோனிக் கம்பெனி ஜி1 என்ற மிரர்லெஸ் காமிராவைக் கொண்டுவந்தது. மற்றக் கம்பெனிகளும் அந்த வழியில் இறங்கின. இந்தக் காமிராவில் லென்சைக் கழற்றி வேறு லென்சு மாட்டலாம்.

சூப்பர் ஜூம் காமிராவிலும் அந்தக் கண்ணாடி கிடையாது. ஆனால் அதன் லென்சைக் கழற்ற முடியாது. பிறந்தபோது வந்த லென்சுதான் கடைசிவரை. அந்த ஒரே லென்சு, அருகில் இருப்பதையும் எடுக்கும். வெகு தூரத்தில் இருப்பதையும் இழுத்து வந்து காட்டும்.

துவரம்பருப்பும் தபால்தலையும்

உதாரணத்துக்கு இரண்டு காமிராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2018-ல் வந்த கேனன் எஸ்.எக்ஸ். 740 சூப்பர் ஜூம். மற்றொன்று, 2023-ல் வந்த கேனன் ஆர் 50 மிரர்லெஸ். பின்னது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது.

முன்னது, சட்டைப் பையில் அடங்கிவிடும். எடை சுமார் 300 கிராம். பின்னது, உடன் வரும் லென்சோடு சேர்த்துச் சுமார் அரைக் கிலோ.

படத்தில் உள்ள புள்ளிகளின் கணக்கிலும் பெரிய வித்தியாசம் இல்லை. முன்னதில் 2 கோடி. பின்னதில் 2 கோடியே 40 லட்சம். இந்த எண்ணிக்கையைத்தான் "மெகாபிக்சல்" என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் இதை மட்டும் கேட்டு முடிவு செய்துவிடக் கூடாது.

பிலிம் இருந்த இடத்தில் இப்போது "சென்சார்" என்ற சிறு சில்லு இருக்கிறது. அதன்மேல் வெளிச்சம் விழுந்தால்தான் படம். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

சூப்பர் ஜூம் காமிராவின் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம். ஒரு துவரம்பருப்பு அளவு! மிரர்லெஸ் காமிராவின் சென்சார் 22 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் உயரம். ஒரு சிறு தபால்தலை அளவு. பரப்பில் ஏறக்குறைய 12 மடங்கு பெரிது.

முற்றத்தில் மழை பெய்கிறது. ஒரு டம்ளரையும் ஒரு அண்டாவையும் வைக்கிறீர்கள். எதில் அதிகம் தண்ணீர் சேரும்? சென்சாரில் வெளிச்சம் சேருவதும் அப்படித்தான்.

அப்படியானால் பெரிய சென்சாரே எப்போதும் நல்லதா? அவசரப்பட வேண்டாம். ஊசுட்டேரிக்குப் போய்ப் பார்ப்போம்.

ஏரியில் வெற்றி யாருக்கு?

புதுவை நகரிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது ஊசுட்டேரி. ஏரியின் ஒரு பகுதி புதுவையைச் சேர்ந்தது; மறு பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. புதுவைப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் நாரைகளும் வாத்துகளும் வெகு தூரத்திலிருந்து வந்து இறங்குகின்றன.

கரையிலிருந்து 100 மீட்டர் தூரத்தில் ஒரு கொக்கு நிற்கிறது. கிட்டே போனால் பறந்துவிடும். கரையில் இருந்தபடியே எடுக்க வேண்டும்.

மிரர்லெஸ் காமிராவோடு வந்த லென்சை முழுவதும் நீட்டிப் பாருங்கள். அந்தத் தூரத்தில் 50 மீட்டர் அகலமான காட்சி படத்துக்குள் வந்துவிடும். தண்ணீர் வரும், மரம் வரும், வானம் வரும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதுதான் கொக்கு!

இப்போது சூப்பர் ஜூம். அதையும் முழுவதும் நீட்டுங்கள். 4 மீட்டருக்கும் குறைவான அகலமே படத்துக்குள் வரும். கொக்கின் அலகும் கழுத்து வளைவும் தெரியும். மகன் துள்ளிக் குதிப்பான்.

மிரர்லெஸ் காமிராவுக்கும் தூரத்து லென்சு உண்டு. ஆனால் அதைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். சாதாரண விலையில் கிடைக்கும் 210 மில்லிமீட்டர் லென்சை மாட்டினாலும், சூப்பர் ஜூம் இழுக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கும். அதற்கு மேல் போனால் லென்சின் விலை காமிராவின் விலையையே மிஞ்சிவிடக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. முழு ஜூமில் கை சிறிது நடுங்கினாலும் படம் கலங்கும். காமிராவுக்குள் நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு இருக்கிறது; என்றாலும் மரத்திலோ சுவரிலோ சாய்ந்து நின்று எடுப்பது நல்லது. நடுப்பகலில் சூடான காற்று அலையடிக்கும். அப்போது எந்தக் காமிராவிலும் தூரத்துப் படம் தெளிவாக விழாது. காலை வேளையே சிறந்தது.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி நடக்கும். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேர் ஓடும். கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கும், உச்சிக் கலசத்தை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் சூப்பர் ஜூம்தான் கைகொடுக்கும். பகல் வெளிச்சம் இருக்கிறது, தூரம்தான் தடை. அந்தத் தடையை அது தாண்டிவிடும்.

விளக்கொளியில் வெற்றி யாருக்கு?

பொழுது சாய்ந்துவிட்டது.

புதுவையில் சூரியன் கடலில் உதிக்கிறது. ஊருக்குப் பின்னால் மறைகிறது. ஆகவே மாலையில் கடற்கரைப் பக்கம் சீக்கிரமே மங்கிவிடும். மனிதர்கள் உலாவ வருவதோ அந்த நேரத்தில்தான்!

வீட்டிலும் அப்படியே. குழந்தைக்குப் பெயர் வைப்பது, பிறந்த நாள், பெண் பார்ப்பது எல்லாம் கூரைக்குக் கீழே நடக்கின்றன. பாட்டி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு குழல்விளக்கு. பூசை மாடத்தில் ஒரு எண்ணெய் விளக்கு. முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல்.

சூப்பர் ஜூம் காமிராவை நீட்டினால் என்ன ஆகும்? அதன் சென்சாருக்குக் கிடைப்பது டம்ளர் அளவு வெளிச்சம். போதாது. காமிரா அதை ஊதிப் பெரிதாக்குகிறது. ஊதும்போது மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். புள்ளிகளை மறைக்கத் துடைத்தால், முகத்தின் சுருக்கமும் துடைந்துபோகும். பாட்டியின் முகம் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடும்.

மிரர்லெஸ் காமிராவின் லென்சு, விரிந்த காட்சியில், சூப்பர் ஜூமின் லென்சைவிடச் சற்றுக் குறுகலாகத்தான் திறக்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், சென்சார் பெரிது என்பதால் ஏறக்குறைய 6 மடங்கு வெளிச்சம் சேர்கிறது.

இன்னும் ஒரு வசதி. 50 மில்லிமீட்டர் லென்சு என்று ஒன்று உண்டு. அதில் ஜூம் கிடையாது. ஆனால் அதன் துளை மிகப் பெரிது. உடன் வந்த லென்சை முழுவதும் நீட்டும்போது உள்ளே விடும் வெளிச்சத்தைப்போல் 12 மடங்கு விடும். அதை மாட்டினால் எண்ணெய் விளக்கின் ஒளியிலேயே முகத்தை எடுக்கலாம். ஒவ்வொரு சுருக்கமும் விழும். மகள் கேட்டது அதைத்தான்!

1950-ல் வந்த காமிரா

புதுவைக்கும் 50 மில்லிமீட்டர் லென்சுக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

1950 ஏப்ரல் மாதம். புதுவையில் அப்போது பிரெஞ்சு ஆட்சி. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். பெயர் ஆன்ரி கார்ட்டியே பிரெசோன். உலகப் புகழ் பெற்றவர். 1948 ஜனவரி 30-ல் காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சிறிது நேரத்துக்கு முன்பு, அவரைப் படம் எடுத்தவரும் இவரே.

அவர் விரும்பிக் கையாண்டது லைக்கா என்ற சிறு காமிரா. பெரும்பாலும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்சு. மின்னல் விளக்குப் போட்டு எடுப்பது அவருக்குப் பிடிக்காது. அந்த லைக்காவுக்குள்ளும் எழும்பி விழும் கண்ணாடி கிடையாது!

ஸ்ரீஅரவிந்தரைப் பல ஆண்டுகளாக யாரும் படம் எடுத்திருக்கவில்லை. கார்ட்டியே பிரெசோனுக்கு அனுமதி கிடைத்தது. எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5-ல் ஸ்ரீஅரவிந்தர் மறைந்தார்.

எட்டு மாதம் கழித்து வந்திருந்தால்? அந்தப் படங்களே இல்லை!

இருந்ததைக் கொண்டு, உரிய நேரத்தில், கிட்டே போய் எடுத்தார்.

செல்போன் போதாதா?

நியாயமான கேள்வி. பகல் வெளிச்சத்தில், அருகில் இருப்பதை எடுக்க நல்ல செல்போன் போதும். அதற்காக மட்டும் காமிராவுக்குச் செலவு செய்ய வேண்டாம். செல்போன் திணறும் இடங்கள் இரண்டு: வெகு தூரம், மங்கல் ஒளியில் அசையும் குழந்தை. முதலாவதற்கு சூப்பர் ஜூம், இரண்டாவதற்கு மிரர்லெஸ். உங்களுக்கு எது குறை என்று பார்த்து வாங்குங்கள்.

உப்புக் காற்றுக்கு எது தாங்கும்?

கடலோர ஊரில் இதையும் கேட்க வேண்டும். மிரர்லெஸ் காமிராவில் லென்சைக் கழற்றும்போது சென்சார் திறந்து நிற்கும். கடற்கரையில் கழற்றினால் மணலும் உப்பும் உள்ளே போகும். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

சூப்பர் ஜூமில் கழற்றும் வேலை இல்லை. ஆனால் அதன் லென்சு குழல்போல் நீண்டு மடங்கும். இடுக்கில் மணல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். மணல்மேல் வைக்கக் கூடாது.

இரண்டையும் தோல் பையில் பூட்டி வைக்காதீர்கள்; ஈரம் தங்கி, லென்சில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம்.

கடையில் என்ன செய்வது?

"எத்தனை மெகாபிக்சல்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.

காமிராவைக் கையில் வாங்கிக் கடையின் இருட்டு மூலையில் நிற்பவரை ஒரு படம் எடுங்கள். அடுத்து, தெருக்கோடியில் உள்ள பெயர்ப்பலகையை எடுங்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்காரர் சொல்லாததைப் படம் சொல்லும்.

"40 மடங்கு ஜூம்" என்றால் கண்ணுக்குத் தெரிவதைப்போல் 40 மடங்கு என்று பொருள் அல்ல. லென்சின் குறுகிய நிலைக்கும் நீண்ட நிலைக்கும் உள்ள விகிதமே அது. "டிஜிட்டல் ஜூம்" என்று சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எடுத்த படத்தை ஊதிக் காட்டுவதுதான்.

மிரர்லெஸ் என்றால் லென்சுக்கும் சேர்த்துப் பணம் எண்ணுங்கள். சூப்பர் ஜூம் என்றால் காமிராவோடு செலவு முடிந்தது.

தீர்ப்பு

மகன் சொன்னதும் சரி. மகள் சொன்னதும் சரி. ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. அப்பா என்ன செய்யலாம்?

ஊசுட்டேரிக்கு அடுத்த ஆண்டும் பறவைகள் வரும். தேர் அடுத்த ஆண்டும் ஓடும். பாட்டிக்கு 80 வயது ஒரு முறைதான் நிறையும். அந்த வீட்டுக்கு மிரர்லெஸ் காமிராதான் முதலில் வரவேண்டும்.

வேறொரு வீட்டில் தீர்ப்பு மாறலாம். வாரந்தோறும் ஏரிக்கரைக்குப் போகிறவருக்கும், லென்சு மாற்றும் தொல்லை வேண்டாம் என்பவருக்கும் சூப்பர் ஜூமே ஏற்றது. நீங்கள் படம் எடுக்க விரும்புவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தீர்ப்பு தானே வந்துவிடும்.

பணம் சேரும்வரை ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்று மாலையே பாட்டியைச் சன்னல் ஓரம் உட்கார வையுங்கள். கையில் இருக்கும் செல்போனிலாவது ஒரு படம் எடுத்துவிடுங்கள்!