சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால்

பாலவாக்கத்தைத் தாண்டி ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மீட்டர் போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிகிறது. மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழும் எண்ணெய்க் குவளைப் படம். வண்டி வழக்கம்போல ஓடுகிறது, இழுவை குறையவில்லை, சத்தமும் இல்லை. அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இடது ஓரம் ஒதுங்கி, வண்டி நின்றதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஓடும்போதே அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். அதனால் முதலில் ஒதுங்குவது, பிறகு அணைப்பது.

இவ்வளவு அவசரம் எதற்கு? எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி. பம்ப் அழுத்தி அனுப்பும் ஆயில் அங்கே படலமாக நின்று தண்டைத் தாங்குகிறது. சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது இந்த அழுத்தம் ஏறக்குறைய 1 பார் இருக்கும். 3000 ஆர்பிஎம்மில் பல வண்டிகளில் 3 பாரைத் தொடும். பெரும்பாலான கார்களில் விளக்கை எரியவைக்கும் சுவிட்சோ, அழுத்தம் அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகுதான் வேலை செய்கிறது. ஆகவே அது முன்னெச்சரிக்கை விளக்கு இல்லை. அது எரியும்போது படலம் உடைய ஆரம்பித்திருக்கலாம். பேரிங் உருகி எஞ்சின் சீஸ் ஆக அதற்குப் பிறகு சில நிமிடங்கள் போதும். டர்போ வண்டியில் முதல் அடி டர்போவுக்கு; அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றுவது.

ஆயில் அளவு குறைந்ததைச் சொல்ல சில வண்டிகளில் மஞ்சள் விளக்கு தனியாக உண்டு. சிவப்பு விளக்கு சொல்வது அழுத்தத்தைப் பற்றி. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு லிட்டர் ஆயிலை ஊற்றிவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

வண்டி சமதளத்தில் நின்று பத்து நிமிடம் ஆனதும் டிப் ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், அந்த வண்டிக்கு உரிய ஆயிலைக் கோடுகளுக்கு நடுவே வரும் வரை ஊற்றி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். சில நொடிகளில் விளக்கு அணைந்து, கீழே ஒழுகலும் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் மெதுவாக ஓட்டிப் போகலாம். சிறிய கார்களில் மொத்த ஆயிலே மூன்று, மூன்றரை லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதென்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். அந்த வாடகை, எஞ்சினை இறக்கிச் செய்யும் வேலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நம் பக்கத்துச் சாலைகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்பை. பெயின்ட் அழிந்த வேகத்தடை, தோண்டி மூடிய பள்ளம், திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை நடந்த சாலை அகலப்படுத்தும் வேலையில் சிதறிக் கிடந்த ஜல்லி என்று அடியில் இடிக்க எத்தனையோ உண்டு. சம்ப் ஓட்டையானால் ஒழுகல் கண்ணுக்குத் தெரியும். ஓட்டையாகாமல் உள்ளே நசுங்கினால்தான் ஆபத்து. பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வாய் சம்ப்பின் அடித்தட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. தட்டு மேலே வந்தால் அந்த வாய் அடைபடும். டிப் ஸ்டிக்கில் அளவு சரியாகக் காட்டும், அழுத்தம் மட்டும் இருக்காது. அடியில் 'டொம்' என்று கேட்ட பிறகு விளக்கு எரிந்தால் அதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் விளக்கு மினுக்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைகிறதா? சூட்டில் ஆயில் மிகவும் நீர்த்துவிட்டது, அல்லது பேரிங் தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. காலம் கடந்த ஆயில், போலி ஆயில், தேய்ந்த பம்ப் ஆகியவையும் இதே அறிகுறியைக் காட்டும். கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் விளக்கு அணையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அணையலாம்தான். ஆனால் மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த இன்றைய எஞ்சினில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானமும் அப்படியே தொடரும். விற்கப்போகும் வண்டியில் இப்படிச் செய்வது வாங்குகிறவரை ஏமாற்றுவது.

கடற்கரை ஊரில் சுவிட்சும் பொய் சொல்லும். உப்புக்காற்றில் அதன் கனெக்டர் பச்சை பூத்து விளக்கு வீணாக எரிவதுண்டு. அதற்காக, பார்த்த மாத்திரத்தில் "சென்சார் போயிடுச்சு சார்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி, சூடான ஐடிலிலும் 3000 ஆர்பிஎம்மிலும் எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பது சிறிய வேலைதான். கேஜ் சரியாகக் காட்டினால் சுவிட்சை மாற்றலாம். இல்லையென்றால் ஃபில்டர், ஸ்ட்ரெய்னர், ரிலீஃப் வால்வு, பம்ப், கடைசியில் பேரிங் என்று போக வேண்டும்.

பம்ப்பை ஓட்டும் பெல்ட்டே காரணமாவதும் உண்டு. மறைமலைநகரில் செய்து அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் இது நடந்தது. 1.0 லிட்டர் எஞ்சின் கொண்ட 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்டையும், 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸையும் சேர்த்துச் சுமார் 1.4 லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் 2023 டிசம்பரில் திரும்ப அழைத்தார்கள். ஆயில் பம்ப் பெல்ட்டின் டென்ஷனர் உடையலாம், பெல்ட்டின் பற்கள் பெயரலாம், அப்போது அழுத்தம் போய் எஞ்சின் நிற்கலாம், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போகலாம் என்பது காரணம். ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட் கொண்ட வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும் கெடுவை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் டிப் ஸ்டிக் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் அப்படி நின்ற வண்டிகளை நாம் தெருத்தெருவாகப் பார்த்திருக்கிறோம். அந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் யாரோ ஒயரைக் கழற்றி வைத்திருக்கிறார்கள் அல்லது விளக்கே போய்விட்டது. ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடியில் அணைய வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஏசி போட்டு, ஐடிலில் நிறுத்தி மறுபடி பாருங்கள். கேஜ் காட்டிய இரண்டு அளவுகளையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த சர்வீஸில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.