ஒரே டாங்க், ஏன் குறைந்த தூரம்?

ரொறன்ரோவில் பிக்கப் வண்டிக்கு ‘ரெகுலர்’ பெற்றோல் அடித்தால், பெரும்பாலும் எதனோலும் சேர்ந்தே வரும். ஒன்டாரியோ விதிப்படி, பெற்றோலில் புதுப்பிக்கத்தக்க எரிபொருளின் சராசரிப் பங்கு 2020இல் குறைந்தது 10 சதவீதம், 2025இல் 11.

எதனோல் மூலக்கூறில் ஏற்கெனவே ஒட்சிசன் இருக்கிறது. அதனால் லீற்றருக்குக் கிடைக்கும் சக்தி பெற்றோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலவையில் மைலேஜ் சுமார் 3 சதவீதம்தான் குறையும். பாரம் இழுக்கும் வண்டியில் அது தெரியவே தெரியாது. எதனோலே பெரும்பங்காக உள்ள ஈ85 கலவை என்றால் கால் பங்கு வரை போய்விடும். அதை எரிக்க ‘ஃபிளெக்ஸ் ஃபியூவல்’ எஞ்சின் வேண்டும். ஃபோர்ட் எஃப்-150இன் சில மாடல்களில் அது உண்டு.

ஆதாயம்? ஒக்டேன் அதிகம், எஞ்சின் தட்டுவது குறையும்.

சிக்கல் குளிரில்தான். எதனோல் ஆவியாகக் கூடுதல் வெப்பம் வேண்டும். மைனஸ் 20இல் எஞ்சின் அடம்பிடிக்கும். அதனால் குளிர்கால ஈ85இல் பெற்றோலைக் கூட்டிக் கலக்கிறார்கள்.