1 கிலோ சீனி மிளகாய், 17 பாட்டில் பிரி-பிரி: ஜவளகிரிக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

ஓசூர் பேக்கரிகளில் உருளைக்கிழங்கு வறுவல் மேல் தூவித் தரும் ‘பெரி பெரி’ பொடிக்கு மூலம் பிரி-பிரி என்ற சாஸ். சின்ன மிளகாய், பூண்டு, கல் உப்பு, எலுமிச்சை, வினிகர், ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்ந்த போர்ச்சுக்கீசிய வீட்டுச் சரக்கு அது. அமெரிக்கக் கண்டத்து மிளகாயைப் போர்ச்சுக்கீசியர் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். கோவா 1510 முதல் 1961 வரை அவர்கள் கையில் இருந்தது. மொசாம்பிக்கும் அங்கோலாவும் 1975 வரை. 1987இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய நாண்டோஸ் உணவகம் இந்தச் சுவையை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது.

இதற்கான மிளகாயைத் தேடி ஆப்பிரிக்கா போகவேண்டாம். நம் சீனி மிளகாய், கேரளத்தின் காந்தாரி, மலைநாட்டுக் கன்னடரின் ஜீரிகெ மெணசு ஆகியவை பிரி-பிரியோடு ஒரே இனமாகச் சேர்த்துச் சொல்லப்படுபவை: கேப்சிகம் ஃப்ரூட்டசன்ஸ். காரம் ஸ்கோவில் அளவில் சுமார் 50,000 முதல் 1,00,000 வரை. தமிழ்நாடு-கர்நாடக எல்லையில் உள்ள ஜவளகிரி போன்ற ஊரில் இந்தச் சாஸைச் செய்தால் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக முழு எண்ணில் வைத்தவை. உங்கள் சந்தை விலையை அதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு ஈடு: செலவு

சீனி மிளகாய்ப் பழம், 1 கிலோ: ரூ. 300
கல் உப்பு, 30 கிராம்: ரூ. 1
பூண்டு, 150 கிராம் (கிலோ ரூ. 240): ரூ. 36
எலுமிச்சை, 6: ரூ. 30
வினிகர், 300 மி.லி. (லிட்டர் ரூ. 80): ரூ. 24
ஆலிவ் எண்ணெய், 250 மி.லி. (லிட்டர் ரூ. 1,000): ரூ. 250
காம்பு கிள்ளி அலசும் கூலி: ரூ. 70
கேஸ், மின்சாரம்: ரூ. 15
மூடியோடு பாட்டில், 17 (ஒன்று ரூ. 12): ரூ. 204
மொத்தம்: ரூ. 930

ஒரு ஈடு: வரவு

காம்பு போக மிளகாய் 920 கிராம், உரித்த பூண்டு 130, உப்பு 30, எலுமிச்சைச் சாறு 150, வினிகர் 300, எண்ணெய் 230. கூட்டினால் 1,760 கிராம். பாத்திரத்திலும் மிக்ஸியிலும் ஒட்டுவது 60 கிராம் என்று கழித்தால் 1,700. அதாவது 100 கிராம் பாட்டில் 17. ஒரு பாட்டிலின் அடக்கவிலை ரூ. 54.71.

இதில் ஆலிவ் எண்ணெயின் பங்கு 27 சதவீதம். லிட்டர் ரூ. 280 விலையில் செக்குக் கடலை எண்ணெய் ஊற்றினால் ரூ. 250 செலவு ரூ. 70 ஆகிறது. மொத்தம் ரூ. 750, பாட்டில் ரூ. 44.12. மணம் மாறும், ஆனால் மிளகாயும் பூண்டும் கடலை எண்ணெயோடு நன்றாகவே சேரும் என்பதற்கு நம் ஊறுகாய் ஜாடிகளே சாட்சி.

குறைக்கக் கூடாத செலவு வினிகர். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்தால் பாட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நஞ்சு உருவாக வாய்ப்புண்டு. புளிப்பின் அளவான பி.எச். 4.6க்கு மேல் போகவே கூடாது. 4க்குக் கீழே நிறுத்துவது நல்லது. மிளகாயை உப்போடு அரைத்து ஒரு வாரம் நொதிக்க விட்டு, பிறகு பூண்டு, வினிகர், எலுமிச்சை சேர்த்துக் காய்ச்சி, பி.எச். பார்த்து, கடைசியில் எண்ணெய் கலக்க வேண்டும். 920 கிராமுக்கு 30 கிராம் உப்பு என்பது 3.3 சதவீதம். ரூ. 24ஐ மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர் இந்தத் தொழிலுக்கு வரவே வேண்டாம்.

இனி காம்பு. ஒரு பழம் அரை கிராம் என்றால் கிலோவுக்கு 2,000 பழம். ஒன்றுக்கு 2 வினாடி வைத்தாலும் 4,000 வினாடி, அதாவது 67 நிமிடம். விரல் நுனி எரிய எரியச் செய்கிற வேலை. ஆனால் இந்தச் செடி பறவைக்காகப் பழுப்பது. காரம் பறவைக்கு உறைக்காது. நன்றாகச் சிவந்த பழத்தை மெல்ல இழுத்தால், பெரும்பாலும் காம்பும் தொப்பியும் செடியிலேயே நின்றுவிடும். பழம் மட்டும் கையோடு வரும். அப்படிப் பறித்த பழம் இளகும், நீர் விடும், மூட்டையில் பெங்களூரு வரை தாங்காது. அன்றைக்கே உப்பில் போட வேண்டும். ஆக, சாஸ் போடும் இடம் தோட்டத்தின் பக்கத்திலேயே இருந்தால் லாபம்.

ஜவளகிரிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வனச்சரகம் வழியாக ஆண்டுதோறும் இறங்குகின்றன. ராகிக் கொல்லை ஒரே இரவில் போய்விடும். மிளகாயை யானை தின்னாது. ஆப்பிரிக்காவின் ஜாம்பசி பள்ளத்தாக்கில் இதே காரணத்துக்காக உழவர்கள் மிளகாய் பயிரிட்டார்கள். அந்த மிளகாய் சாஸாகவும் விற்பனைக்குப் போனது. மிளகாய் வரப்பு யானையை மறித்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. மிதிபடலாம், ஆனால் தீனியாகிப் போகாத பயிர் ஒன்று கையில் மிஞ்சும்.

கடைசிக் கணக்கு

காம்பில்லாமல் பறித்தால் 1 கிலோவுக்குப் பதில் 920 கிராம் போதும். கூலி ரூ. 70உம் மிச்சம். மிளகாய்க்கும் கூலிக்கும் முன்பு ஆன ரூ. 370ஐ அப்படியே அந்த 920 கிராமுக்குக் கொடுத்தால், கிலோ ரூ. 402 ஆகிறது. பாட்டில் விலை ஒரு பைசா ஏறாது. உழவருக்குக் கிலோவுக்கு ரூ. 102 கூடும். 1,000 பாட்டிலுக்கு வேண்டிய பழம் 54 கிலோ. அதற்கு அவர் கையில் ரூ. 21,760 சேரும். பழுக்க விட்டுப் பொறுமையாகப் பறிப்பது அவர் உழைப்பு. அதனால் மிஞ்சும் பணமும் அவருக்கே சேர வேண்டும். ஜவளகிரியில் யாராவது இந்தச் சாஸைப் போட முன்வந்தால், கொள்முதல் விலையை ரூ. 402இலிருந்து தொடங்கட்டும்.