பெருந்தொற்றும் பிள்ளைகளின் உணவுத்தட்டும்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. கோவிட்-19 நோய் பரவுவதைத் தடுக்கப் பள்ளிகளும் பாலர்பள்ளிகளும் மூடப்பட்டன. இந்நோய் முதியோரையே கடுமையாகத் தாக்கியது. சிறு குழந்தைகள் பெரும்பாலும் தப்பினர். ஆயினும், கிருமி தொடாத குழந்தைகளையும் பெருந்தொற்று பாதித்தது. அவர்களது உணவின் வழியாக அப்பாதிப்பு வந்தது.

பேரா மாநிலத்தின் கோலா கங்சார் மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட ஊர் கோலா கங்சார். சுங்கை சிப்புட், பாடாங் ரெங்காஸ், மானோங் எனப் பரந்து கிடக்கும் இம்மாவட்டத்தில் கம்பங்களும் பழைய தோட்டக் குடியிருப்புகளும் உள்ளன. இத்தகைய புறநகர்ப் பகுதிகளில் சந்தையும் சுகாதார நிலையமும் எல்லாருக்கும் அருகில் இருப்பதில்லை. எனவே, நடமாட்டம் தடைபட்டபோது குழந்தைகளின் ஊட்டச்சத்து மூன்று வழிகளில் பாதிப்புறும் நிலை ஏற்பட்டது.

முதலாவது, வருமான இழப்பு. நாட்கூலி பெறுவோருக்கு வேலையில்லாத நாள் கூலியில்லாத நாளாகும். கையில் பணம் குறைந்தால் குடும்பங்கள் முதலில் சோற்றைக் குறைப்பதில்லை. முட்டை, மீன், பால், பழம் ஆகியவற்றையே குறைக்கின்றன. சோறும் குழம்பும் குழந்தையின் வயிற்றை நிரப்பும். ஆனால், வளர்ச்சிக்குத் தேவையான புரதமும் இரும்புச்சத்தும் போதிய அளவு கிடைக்கா. சிலர் பாலுக்குப் பதிலாக இனிப்புக் கட்டிப்பாலைக் கரைத்துக் கொடுப்பதும் உண்டு. அதில் சர்க்கரையே மிகுதி. அது குழந்தைக்குரிய பாலுக்கு ஈடாகாது.

இரண்டாவது, உணவுப்பொருள் கிடைப்பதில் ஏற்பட்ட சிக்கல். பொருள் வாங்கக் குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டுமே, 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் சென்றுவர அனுமதிக்கப்பட்டார். இரவுச் சந்தைகளும் நிறுத்தப்பட்டன. அடிக்கடி கடைக்குச் செல்ல இயலாதவர்கள் நீண்ட நாள் கெடாத அரிசி, மீகூன், உடனடி மீ, பிஸ்கட் போன்றவற்றையே வாங்கி வைப்பர். பசுங்காய்களும் பழங்களும் தட்டிலிருந்து மறையும்.

மூன்றாவது, சேவைகள் தடைபட்டமை. அரசாங்கப் பாலர்பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாள்தோறும் உணவு வழங்கப்படுகிறது. தொடக்கப்பள்ளிகளில் வறிய மாணவர்களுக்குத் துணை உணவுத் திட்டம் உள்ளது. பள்ளி மூடப்பட்டதும் அந்த உணவும் நின்றது. 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 370 மில்லியன் மாணவர்கள் பள்ளி உணவை இழந்தனர் என ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் தெரிவித்தது. தொற்றுக்கு அஞ்சிய பெற்றோர் பலர் குழந்தைகளைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லவும் தயங்கினர். எடையும் உயரமும் அளக்கப்படாவிட்டால் வளர்ச்சிக் குறைவு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இது ஏன் கவலைக்குரியது? தாயின் வயிற்றில் கரு உருவானது முதல் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறக்குறைய 1,000 நாள்களில் உடலும் மூளையும் மிக விரைவாக வளர்கின்றன. அக்காலத்தில் சத்துணவு தொடர்ந்து குறைந்தால் குழந்தை வயதுக்கேற்ற உயரம் பெறுவதில்லை. இதனை வளர்ச்சி குன்றல் என்பர். இழந்த வளர்ச்சியைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம். கற்றல் திறனும் பாதிக்கப்படலாம்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 21.8 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தனர். 2022இல் அது 21.2 விழுக்காடாக இருந்தது. ஆகவே, இது பெருந்தொற்றால் புதிதாகத் தோன்றிய சிக்கல் அன்று. முன்பே ஐவரில் ஒருவரிடம் இருந்த குறை. அதனைக் களையும் வழிகளைத்தான் பெருந்தொற்று அடைத்தது.

குழந்தை உணவைத் தேடி வர இயலாதபோது, உணவு குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அங்கன்வாடிகள் மூடப்பட்டபோது சத்துமாவு முதலிய பொருள்கள் வீடுகளுக்கே வழங்கப்பட்டன. நம் நாட்டில் ஊட்டச்சத்துக் குறைந்த வறிய குழந்தைகளுக்கு மாதந்தோறும் உணவுக்கூடை வழங்கும் திட்டம் 1989 முதல் நடந்துவருகிறது. 2021ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் உணவின்றித் தவித்தவர்கள் வீட்டின்முன் வெள்ளைக்கொடி கட்டினர். அதைக் கண்ட அண்டை அயலார் உணவுப்பொருள்களைக் கொண்டு சென்றனர். ஆனால், அரிசியும் மீயும் மட்டும் நிறைந்த பையால் இரண்டு வயதுக் குழந்தையின் தேவை நிறைவேறாது. முட்டை, பருப்பு, நெத்திலி போன்றவையும் அதில் இடம்பெற வேண்டும்.

குடும்பங்களும் சிலவற்றைச் செய்யலாம். வீட்டோரத்து முருங்கையின் கீரையும் ஒரு முட்டையும் சேர்ந்தால் எளிய சோறும் சத்துணவாகும். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால், அவர்களின் எடையும் உயரமும் உடல்நலப் பதிவேட்டில் முறையாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கட்டங்கள் வெறுமையாக இருந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.