வெள்ளைக் கோட்டில் முதல் வருஷம்: பல் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு...

சென்டாக் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் போதும், பாகூர் பக்கத்துத் தெருக்களில் அன்றைக்கே விஷயம் பரவிவிடும். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் வந்து நிற்பார். "டாக்டரு தம்பி, இந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் பாரேன். ராத்திரி பூரா தூக்கமில்ல."

தம்பி இன்னும் கல்லூரி வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்.

புதுச்சேரிப் பகுதியில் பல் மருத்துவம் படிக்க மூன்று இடங்கள் இருக்கின்றன. கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி. பாகூர் கொம்யூனில் பிள்ளையார்குப்பம், வில்லியனூர் கொம்யூனில் அரியூர் என கிராமப்புறத்திலேயே இரண்டு தனியார் கல்லூரிகள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 10 சதவிகித உள் ஒதுக்கீடு 2023-ல் நடைமுறைக்கு வந்ததும், விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பு எட்டும் தூரத்துக்கு வந்தது. சீட்டு கிடைப்பது பாதி வெற்றிதான். முதல் வருஷத்தைத் தாண்டுவது மீதி.

எம்.பி.பி.எஸ். கிடைக்கலையே?

பி.டி.எஸ். சேரும் பிள்ளைகளில் பலருக்கு இந்த ஏக்கம் உண்டு. ஒரு காலை வகுப்பிலும், மறு காலை அடுத்த வருஷ நீட் தேர்விலும் வைத்திருந்தால் இரண்டுமே கெடும். மறுபடி முயற்சி செய்வதா, வேண்டாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரே முடிவாக எடுத்துவிடுவது நல்லது. விலகுவதாக இருந்தால், அதற்கான கடைசித் தேதி, கட்டணம் திரும்பக் கிடைக்குமா, அபராதம் உண்டா என்பதை அந்த ஆண்டின் சேர்க்கை விதிகளில் முதலில் படித்துவிட வேண்டும். படிப்பது என்று முடிவானால் நீட் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடலாம்.

பல்லுக்கு முன்னால் உடம்பு

மொத்தம் ஐந்து வருஷம். நான்கு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. முதல் வருஷத்தில் பல்லைவிட உடம்பைப் பற்றித்தான் அதிகம் படிக்க வேண்டியிருக்கும். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றோடு பல்லின் அமைப்பு பற்றிய பாடமும் உண்டு. நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை தருவதெல்லாம் மூன்றாம் வருஷ வாக்கில்தான்.

எழுத்துத் தேர்வு, செய்முறை இரண்டிலும் 50 சதவிகிதம் எடுக்க வேண்டும். வருகைப்பதிவு 75 சதவிகிதத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. பஸ்ஸில் போய் வரும் பிள்ளைகள் முதல் மாதத்திலிருந்தே இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். திருவிழா, கல்யாணம் என்று விடும் ஒவ்வொரு நாளும் கடைசியில் கணக்குக்கு வரும்.

இங்கிலீஷ் பயம்

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளை முதலில் மிரட்டுவது பாடமல்ல, அதன் சொற்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை கிரேக்கமும் லத்தீனும். அதனால் கான்வென்டில் படித்தவருக்கும் அவை புதுசுதான். மனப்பாடம் செய்வதைவிட வேரைப் பிடிப்பது சுலபம். 'ஓடான்ட்' என்றால் பல். 'எண்டோ' என்றால் உள்ளே. எண்டோடான்டிக்ஸ் என்பது வேர் சிகிச்சை. 'பெரி' என்றால் சுற்றி. பெரியோடான்டிக்ஸ் என்பது பல்லைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும். 'ஆர்த்தோ' என்றால் நேராக. ஆர்த்தோடான்டிக்ஸ் என்பது பல் சீரமைப்பு. ஒரு சின்ன நோட்டில் தினம் ஐந்து வேர்களை எழுதி வந்தால், சில மாதங்களில் புத்தகம் பழகிவிடும்.

மூன்றாம் வருஷத்தில் இதே பிள்ளைகளின் தமிழ்தான் கைகொடுக்கும். "ஐஸ் தண்ணி குடிச்சா சுருக்குன்னு கூசுது, உடனே போயிடுது" என்பது ஒரு நிலை. "ராத்திரியில விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்பது பல்லின் உள்நரம்பு வரை பாதிப்பு போயிருக்கலாம் என்பதற்கான அடையாளம். அந்த வித்தியாசத்தைக் கேட்ட மாத்திரத்தில் பிடிக்க, கிராமத்தில் வளர்ந்த காது வேண்டும்.

கைக்கும் பாடம் உண்டு

முதல் வருஷத்தில் மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். முதல் பல் கொழுக்கட்டை மாதிரி வரும். எல்லோருக்கும் அப்படித்தான். விடுமுறையில் வீட்டில் சோப்புக் கட்டியில் பழகலாம். மோதிர விரலை ஊன்றிக்கொண்டு செதுக்கப் பழகினால், பிற்பாடு நோயாளியின் வாயிலும் கை நடுங்காது. குனிந்து கழுத்தை வளைத்து வேலை செய்யும் பழக்கத்தை இப்போதே விட வேண்டும். பல் டாக்டர்களைக் காலம் முழுக்கப் படுத்துவது கழுத்துவலியும் இடுப்புவலியும்தான்.

இன்னொன்று, மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசி. இதை மூன்று தவணையாக ஆறு மாதத்தில் போடுவார்கள். நோயாளிகளைத் தொடும் நாள் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

செலவைக் குறைக்க

சேர்ந்த வாரத்திலேயே கடைக்காரர் சொல்லும் கருவிகளையெல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம். துறையில் பட்டியல் தந்த பிறகு வாங்கினால் போதும். புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது, சீனியர்களிடமும் கேட்கலாம். கல்விக் கடன், உதவித்தொகை விண்ணப்பங்களை அவற்றின் கடைசி நாள் வரை தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தவர் உதவியில் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற உயர்கல்விக் கூடத்துக்காக மூன்று ஊர்கள் கொடையாக எழுதிவைக்கப்பட்டன. பாகூர்ச் செப்பேடு சொல்லும் செய்தி இது.

ராகிங் தொல்லை என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் புகார் செய்யலாம்.

ஒரு பாடம் போனால்?

பன்னிரண்டாம் வகுப்பு வரை தோல்வியே பார்க்காத பிள்ளைகள் உடைந்துபோவது இங்கேதான். ஒரே ஒரு பாடத்தில் தவறியவர் அடுத்த வருஷ வகுப்புக்குப் போகலாம். அடுத்த வருஷத் தேர்வுக்குள் அதை எழுதித் தேறிவிட வேண்டும். விதியே வழி விட்டிருக்கிறது. பெற்றோரிடம் மறைப்பதுதான் ஆபத்து. "எவ்வளவு மார்க்?" என்று கேட்கும் முன், "சாப்பிட்டியாப்பா, தூங்கினியா?" என்று கேட்கும் வீட்டில் பிள்ளை தானாக உண்மையைச் சொல்லும்.

அந்தப் பாட்டிக்கு என்ன பதில்?

மாத்திரை பெயர் எதையும் சொல்லக் கூடாது. வலிக்கிற பல்லின் ஓரத்தில் வலி மாத்திரையை வைத்துக்கொள்ளும் பழக்கம் ஊரில் உண்டு. ஆஸ்பிரின் அப்படி வைத்தால் ஈறு வெந்து புண்ணாகும். இதை மட்டும் பாட்டிக்குச் சொல்லலாம். "நான் இன்னும் படிக்கல பாட்டி. காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வாங்க, பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, சொன்னபடி பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே பாட்டி வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது, டாக்டர் என்ன கேட்கிறார், எங்கே தட்டிப் பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனிக்கலாம்.