கடல் கடந்த சம்பாத்தியம் ஊர் வந்து சேரும் வழி

நம் கடலூர், சிதம்பரம் வட்டார மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று போயிருக்கிறார்கள். சிலர் அங்கே சம்பளத்தோடு நிற்பதில்லை. கடை வாடகை இல்லாமல், இணையதளம் வழியாகவே பண்ருட்டி முந்திரி, அப்பளம், ஊறுகாய், மசாலாப்பொடி விற்கிறார்கள். லாபம் டாலரிலும் திர்ஹமிலும் நிற்கிறது. அதை எப்படி ஊருக்குக் கொண்டுவருவது என்பதே இன்றைய கேள்வி.

பர்மா தரும் பாடம்

இது நமக்குப் பழைய கணக்குதான். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் குடும்பம் பர்மாவில் பெரிய அளவில் லேவாதேவி நடத்தியது. அவர் சிதம்பரத்தில் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு அவர் 20 லட்சம் ரூபாய் வழங்கினார். ஊர் வந்து சேர்ந்த பணம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

அங்கேயே தங்கிய பணத்தின் கதி வேறு. 1930களின் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் கால்பங்கு வயல்கள் நகரத்தார் கைக்கு வந்தன. 1942இல் ஜப்பான் படையெடுப்பு, 1948இல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம், 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு என்று அடிமேல் அடி விழுந்தது. லாபத்தை உரிய காலத்தில் ஊருக்குக் கொண்டுவருவதும் வியாபாரத்தின் ஒரு பகுதியே.

உண்டியல் வேண்டாம்

அந்தக் காலத்து உண்டியல் என்பது வணிகர் கையெழுத்தின் மதிப்பில் நடந்த கடன்சீட்டு. இன்று அதே பெயரில் நடப்பது சட்டவிரோதம். “அங்கே கொடுத்துவிடுங்கள், இங்கே ஒரு மணி நேரத்தில் கிடைக்கும், வங்கியைவிட ரேட்டும் கூட” என்பார்கள். 2000 ஜூன் முதல் அமலில் உள்ள அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி (பெமா), பிடிபட்டால் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உண்டியல்காரர் நம் கணக்கில் போடும் பணம், எங்கோ ஒருவரை ஏமாற்றிய பணமாக இருக்கலாம். சைபர் குற்றப் போலீசார் தடம் பிடித்து வந்தால் நம் கணக்கு முடக்கப்படும். அன்று மண்டிக்குக் கொடுத்த செக் திரும்பும். பல வருட நாணயம் ஒரே நாளில் போகும். “உங்கள் கடையில் வைத்துப் பட்டுவாடா செய்கிறோம், கமிஷன் தருகிறோம்” என்று எவர் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

நேர்வழிகள்

1. பிள்ளை வெளிநாட்டில் வசிப்பவரானால் என்.ஆர்.இ. கணக்கு தொடங்கட்டும். அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. பணத்தைத் திரும்ப எடுத்துச் செல்லவும் தடையில்லை. ஊரில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும்.

2. பெற்றோருக்குப் பிள்ளை அனுப்பும் அன்பளிப்புக்கு வரி இல்லை. அந்தப் பணம் கடை முதலாக மாறினால், அன்பளிப்பா கடனா என்று எழுதிவைத்து, ஆடிட்டரைக் கேட்டுப் பேரேட்டில் ஏற்ற வேண்டும்.

3. பணமாற்று நிறுவனங்கள் வழியே ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஆண்டுக்கு 30 தடவை என்பது வரம்பு. ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் கிடைக்கும். சிங்கப்பூரின் பேநவ், நமது யுபிஐயோடு 2023 பிப்ரவரி 21 அன்று இணைக்கப்பட்டது. இவ்விரண்டும் குடும்பச் செலவு போன்ற தனிப்பட்ட தேவைகளுக்கே. சரக்கு விற்ற பணத்தை இவற்றில் அனுப்பக் கூடாது.

4. இங்கிருந்தே வெளிநாட்டுக்குச் சரக்கு விற்பவர், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற்று, நடப்புக் கணக்கில் பணத்தை வாங்க வேண்டும். வங்கியில் நோக்கக் குறியீட்டைச் சரியாகச் சொல்லி, அயல்நாட்டு வரவுச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். உறுதிப்பத்திரம் தாக்கல் செய்தால் ஜி.எஸ்.டி. கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். ஆனால் லாபத்துக்கு வருமான வரி உண்டு. இங்கே வசிப்பவருக்கு, வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே வைத்திருக்கும் வருமானமும் பொதுவாக இங்கே கணக்கில் சேரும். அங்கே கட்டிய வரியை ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம்.

“கட்டணம் இல்லை” என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கட்டணத்தை விட்டுக்கொடுத்து ரேட்டில் பிடிப்பவர்கள் உண்டு. ஆயிரம் டாலர் அனுப்பினால் கையில் எத்தனை ரூபாய் என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து ஒப்பிடுவதே நம் மளிகைக்கடைக் கணக்கு.

சரக்குக்குப் பில் கேட்கும் நாம், பணத்துக்கும் பில் கேட்போம். சீட்டோடு வரும் பணமே இரவில் நம்மை நிம்மதியாகத் தூங்கவிடும்.