எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் இன்சூரன்சும்: வணிகர்கள் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டியவை



காலை ஏழு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் ஷட்டரை இறக்குகிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விட்டு வரும் தொழிலாளர்களை நம்பியிருக்கும் கடைகளுக்கு இரவு வியாபாரம்தான் முக்கியம். நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்த உட்கார்ப்பு, நேரம் தவறிய சாப்பாடு, நடுவில் நாலைந்து டீ. நாற்பது வயதுக்குள் சர்க்கரை, மூட்டுவலி, குறட்டை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. திருவள்ளூர் பஜாரிலும் இதே கதைதான்.

உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மருந்து எதற்கும் எடை இறங்காதபோது சிலருக்கு மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் இதற்குச் சில லட்சம் ரூபாய் ஆகும். “பாலிசிதான் இருக்கிறதே” என்று நம்பி நாள் குறித்த பிறகு, கோரிக்கை ஏற்கப்படவில்லை என்ற பதில் வந்தால், கொள்முதலுக்கு வைத்திருந்த பணம்தான் மருத்துவமனைக்குப் போகும். சிகிச்சையைப் போலவே இன்சூரன்சுக்கும் முன்தயாரிப்பு வேண்டும் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

அறுவை சிகிச்சை என்பது என்ன?

இது தொப்பையில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகு சிகிச்சை அல்ல. பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுகிறது. ‘ஸ்லீவ்’ என்ற முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் நீக்கப்பட்டு, மீதி ஒரு குழாய் போல் ஆக்கப்படுகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். சாப்பிடும் அளவு குறைகிறது. பசியைத் தூண்டும் சுரப்புகளும் மாறுகின்றன. பலருக்குச் சர்க்கரை நோய் நன்கு கட்டுப்படுகிறது. ஆயினும் இது பெரிய அறுவை சிகிச்சையே. அதற்குரிய ஆபத்துகள் இதற்கும் உண்டு.

மருத்துவர் கணக்கு வேறு, கம்பெனி கணக்கு வேறு

இரு தரப்பும் பார்ப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண்ணை. எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் இருமுறை பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 5 அடி 7 அங்குலம், அதாவது 1.70 மீட்டர் உயரமுள்ளவருக்கு 1.70 × 1.70 = 2.89. அவர் எடை 95 கிலோ என்றால் குறியீட்டெண் ஏறக்குறைய 33. எடை 102 கிலோ என்றால் 35-ஐத் தாண்டும். 116 கிலோ என்றால் 40-ஐத் தாண்டும்.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பரில் மருத்துவ பாலிசிகளின் விலக்குகளை ஒரே சீரான வாசகத்தில் வகுத்தது. அதன்படி, பின்வரும் நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறாவிட்டால் உடல் பருமன் அறுவை சிகிச்சைக்கான செலவைக் கம்பெனி தராது.

1. மருத்துவர் ஆலோசனையின் பேரில் செய்யப்பட வேண்டும்.

2. மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

3. நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

4. குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35-க்குக் குறையாமல் இருந்து, எளிய முறைகளால் எடை குறையாத நிலையில், நான்கு நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். அவை: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கடுமையான நோய், கட்டுக்கடங்காத இரண்டாம் வகை சர்க்கரை நோய்.

இந்த 40, 35 என்ற எண்கள், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1991-ல் கூட்டிய நிபுணர் மாநாட்டில் வகுத்த அளவுகளையே ஒத்தவை. ஆனால் நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுகின்றன. ஆகவே இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாக 37.5 என்றும், பருமனால் வரும் நோய்கள் இருந்தால் 32.5 என்றும் அளவு வைத்துள்ளனர். 2022-ல் அறுவை மருத்துவர் அமைப்புகள் இரண்டு, எல்லையை மேலும் தளர்த்தி, ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றன.

மேலே சொன்ன 95 கிலோ எடையுள்ளவர் ஒரு மளிகை வியாபாரி என்றும், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். குறியீட்டெண் 33. மருத்துவர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார். அது சரியான ஆலோசனையே. ஆனால் இந்த விதிப்படி கம்பெனி பணம் தராது. அதுவும் விதிமீறல் அல்ல. இரண்டு கணக்கும் வெவ்வேறு என்பது தெரியாமல் நாள் குறித்தவர்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

மூட்டுவலி, ரத்தக் கொதிப்பு, ஈரல் கொழுப்பு ஆகியவை அந்த நான்கு நோய்களின் பட்டியலில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 35-க்கும் 40-க்கும் இடைப்பட்டவர் முழங்கால் வலியை மட்டும் காட்டினால் போதாது. அவருக்குக் குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் அதற்கு ஆவணமும் கிடைக்கும்.

காத்திருப்புக் காலம்

“அடுத்த மாதம் பாலிசி எடுத்து, அதற்கடுத்த மாதம் ஆபரேஷன்” என்ற எண்ணம் பலிக்காது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் விதிக்கக் கம்பெனிகளுக்கு உரிமை உண்டு. முன்பு 48 மாதம் வரை இருந்த உச்சவரம்பு, 2024-ல் வந்த ஒழுங்குமுறைகளால் 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. பல பாலிசிகள் உடல் பருமன் அறுவைக்கென்றே தனிக் காத்திருப்புக் காலமும், கொடுக்கும் தொகைக்குத் தனி உச்சவரம்பும் வைத்துள்ளன.

பிரீமியம் கட்டத் தவறினால் காத்திருந்த காலம் வீணாகும். ஆண்டுப் பிரீமியத்துக்குச் சலுகை நாட்கள் 30. சீசன் வியாபாரத்தில் இதை மறந்துவிடுவது வணிகர்களிடையே சகஜம். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் தேதியைப் போல இந்தத் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். வேறு கம்பெனிக்கு மாற விரும்பினால், பாலிசியை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்காமல், புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே மாற்றல் முறையில் விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் சேரும்.

விண்ணப்பப் படிவத்தில் சர்க்கரை, எடை, உயரம் ஆகியவற்றை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். ஏஜெண்டு நிரப்பித் தருவதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இடைவெளியின்றி 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், ‘நோயை மறைத்தீர்கள்’ என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே மறுக்கலாம். அதற்கு முன் மறைத்தது வெளிப்பட்டால் பாலிசியே ரத்தாகலாம்.

அறை வாடகையில் ஒளிந்திருக்கும் செலவு

பாலிசியில் நாள் ஒன்றுக்கு அறை வாடகை 5,000 ரூபாய் என்று இருக்க, நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் 3,000 மட்டும்தான் கையிலிருந்து போகும் என்று நினைக்க வேண்டாம். மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம். அந்தக் கட்டணங்கள் 2,40,000 ரூபாய் என்றால், எட்டில் ஐந்து பங்கு, அதாவது 1,50,000 மட்டுமே கிடைக்கும். 90,000 நம் தலையில் விழும். மருந்து, உபகரணம், பரிசோதனைச் செலவுகளை இப்படி விகிதப்படி வெட்டக் கூடாது என்பதும் விதி. சேரும் முன்பே பாலிசிக்கு ஏற்ற அறையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆவணமே ஆதாரம்

வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்ளாதது போலத்தான் இதுவும். ஒரு கோப்பு போட்டு, கீழ்க்கண்டவற்றைத் தேதி வாரியாகச் சேர்த்து வாருங்கள்.

• மருத்துவர் கையெழுத்து, முத்திரையுடன் எடை, உயரம், குறியீட்டெண் எழுதிய சீட்டுகள். அறுவைக்கு முந்தைய உணவுக் கட்டுப்பாட்டில் எடை சில கிலோ இறங்கும். ஆகவே அதைத் தொடங்கும் முன்பே ஒரு சீட்டு பெற்றுவிட வேண்டும்.

• உணவு ஆலோசகரிடம் பல மாதம் சென்றதற்கான சீட்டுகள். ‘எளிய முறைகளால் பலனில்லை’ என்பதற்கு இவையே சான்று.

• சர்க்கரைக்கான மூன்று மாத சராசரிப் பரிசோதனை, எக்கோ, தூக்கப் பரிசோதனை அறிக்கைகள்.

• அறுவை ஏன் தேவை என்று நோய்களின் பெயரோடு மருத்துவர் எழுதிய கடிதம்.

எடை, ரத்த அழுத்தம், சர்க்கரைப் பதிவுகளுக்காக ஒவ்வொரு முறையும் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பெற்றுக்கொள்ளலாம்.

அவசரமில்லாத அறுவை என்பதால், ஒரு வாரம் முன்பே மருத்துவமனை வழியாக முன் அனுமதி கேளுங்கள். எவ்வளவு தொகை, எவை சேராது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரொக்கமில்லாச் சிகிச்சை கேட்டு விண்ணப்பித்தால் ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது இறுதி பில்லுக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கை கூறுகிறது.

மறுத்துவிட்டால் என்ன செய்வது?

எந்த நிபந்தனையின்படி மறுக்கிறோம் என்பதைக் கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழியும் உண்டு.

உடலையும் கடையையும் தயார் செய்தல்

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த மருத்துவமனை தற்காலிகமாக மூடப்பட்டது. குறைந்த பேக்கேஜ் என்ற ஒன்றை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முழு வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருத்துவர் முன்கூட்டியே பரிசோதிக்கிறாரா, இந்த அறுவை அங்கு வழக்கமாக நடக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். சென்னையில் சில அரசு மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது.

அறுவைக்கு முன் இதயம், நுரையீரல், தைராய்டு, ஈரல், சிறுநீரகம், இரும்பு மற்றும் வைட்டமின் அளவுகள், எண்டோஸ்கோப்பி, மனநல ஆலோசனை என்று பரிசோதனைகள் இருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு தருவார்கள். ஈரல் சுருங்கி, அறுவை எளிதாவதற்காக. புகைப்பதைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே விட வேண்டும். சர்க்கரை மாத்திரையையோ, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையோ தாமாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அறுவைக்குப் பின் முதலில் திரவ உணவு, பிறகு கூழ், அதன்பின் சிறிது சிறிதாகத் திட உணவு. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் உண்டு. இந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். பெண்களானால் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் அரிசிச் சிப்பத்தைத் தூக்குவது, லோடு இறக்குவது எதுவும் ஆகாது. ஆகவே தீபாவளி, பொங்கல் கொள்முதல் காலத்தைத் தவிர்த்து நாள் குறியுங்கள். செக்கில் கையெழுத்திட வேறொருவருக்கு அதிகாரம், சப்ளையர் பாக்கி விவரம், கணக்குத் தாக்கல் பொறுப்பு ஆகியவற்றை வீட்டாரிடமோ நம்பிக்கையான ஆளிடமோ எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

சரக்கு வந்து இறங்கிய பிறகு எடை குறைகிறது என்று சண்டை போடுவதை விட, லாரியில் ஏற்றும் முன்பே தராசில் நிறுத்திப் பார்ப்பவரே கெட்டிக்கார வியாபாரி. உங்கள் பாலிசிப் பத்திரத்தை இன்றிரவு கடை அடைத்ததும் பெட்டியிலிருந்து எடுங்கள். உடல் பருமன் பற்றிய விலக்கு, காத்திருப்புக் காலம், அறை வாடகை வரம்பு ஆகிய மூன்று பகுதிகளையும் படித்து அடிக்கோடிடுங்கள். விளங்காததை ஏஜெண்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், கம்பெனிக்குக் கடிதமாக எழுதிக் கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு அறுவைக்கு நாள் குறிக்கலாம்.